வாக்குத்தத்தத் தட்டில் ஓநாய்கள்

கிறிஸ்துமஸ் முடிந்த அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன், அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும். எல்லாம் அக்காவின் மாட்டால் வந்த வினை.

மொரப்பூர் பக்கம் நாங்கள் பிறந்த ஊரிலேயே அக்கா இருக்கிறாள். மாமா இறந்த பிறகு ஒரு ஜெர்சி மாடுதான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி. மகள் நர்சிங் படிப்பதும் அந்தப் பாலில்தான். அந்த ஊரில் புதிதாக ஓர் ஊழியக்காரர் தகரக் கொட்டகை போட்டு வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். பளபளப்பான கார், அதைவிடப் பளபளப்பான பேச்சு. வீட்டில் இருப்பதிலேயே அருமையானதைக் காணிக்கையாகக் கொடுத்தால் மகளுக்கு வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று அக்காவுக்குத் தீர்க்கதரிசனம் சொல்லியிருக்கிறார். அருமையானது எது என்பதையும் அக்கா வீட்டுத் தொழுவத்திலிருந்த மாட்டை எட்டிப் பார்த்து அவரே சொல்லிவிட்டார். பால் அவர் நடத்தும் இல்லத்து அனாதைப் பிள்ளைகளுக்காம். புத்தாண்டு அன்று மதியம் டெம்போ வரும் என்று ஏற்பாடு.

நான் இருக்கும் அதியமான்கோட்டையிலிருந்து பஸ் மாறிப் போய் அவளிடம் சண்டை போட்டேன்.

"இப்படிப்பட்ட ஆளுங்க வருவாங்கன்னு வேதத்துலயே எழுதியிருக்குக்கா."

"கர்த்தர் அபிஷேகம் பண்ணவரப் பத்தி வாயத் தொறக்காதடி. நீ வேதத்த வாசிக்கிற. அவரு நம்புறாரு."

அவள் போட்ட காபியைக் குடிக்காமல் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் காபியை நினைத்து வருத்தப்பட்டேன்.

பிறந்த ஊரில் எங்கள் பழைய சபைக்குப் புத்தாண்டு அன்று அக்காவும் நானும் தவறாமல் போவோம்; அங்கே ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு காலை ஆராதனையில் ஒரு தட்டில் வாக்குத்தத்த வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும், எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அந்த வருஷத்துக்கு அதுதான் அவருடைய வசனம், கதவில் ஒட்டிக்கொள்ளலாம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அட்டை எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். தேன், எண்ணெய், நிரம்பி வழியும் களஞ்சியம் என்று இனிப்பாகத் தேடித் தேடி எழுதுவேன். திட்டு விழும் வசனத்தை எழுதியதே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் யாராவது எச்சரிக்கை அச்சடிப்பார்களா?

இந்த முறை நான் அச்சடித்தேன். ஆட்டுத்தோல் போர்த்தி வரும் ஓநாய்களை எழுதினேன். பொருளாசை பிடித்து, இனிக்கப் பேசி, நம்பி வருகிறவர்களையே சரக்காக்கும் கள்ளப் போதகர்களைப் பற்றிப் பேதுரு சொன்னதை எழுதினேன். பக்தியை வருமான வழியாக நினைப்பவர்களை விட்டு விலகு என்று பவுல் சொன்னதையும், மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களையும் எழுதினேன். பாதித் தட்டு தேன், பாதித் தட்டு வேப்பெண்ணெய். அக்காவின் கை எதில் விழ வேண்டும் என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

புத்தாண்டு காலையில் முதலில் எடுத்தவர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர். ஓநாய் வசனத்தைக் கணீரென்று வாசித்தார். சபை முழுக்க ஆமென். அடுத்த அம்மாவுக்குக் கள்ளப் போதகர்கள். அதற்கு இன்னும் பலமாக ஆமென். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் சபைப் போதகர் மட்டும் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அக்காவுக்குக் களஞ்சியம் வந்தது. மாட்டைக் கொடுக்கச் சொல்லிக் கர்த்தரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என் கையெழுத்தை நானே சபித்தேன்.

அடுத்த அட்டை எனக்கு. தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்கள். வாசித்தேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அக்கா சொல்லவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

மதியம் டெம்போ வந்தது. அக்கா மாட்டைக் குளிப்பாட்டி வைத்திருந்தாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே டிரைவரிடம் கேட்டாள்.

"அங்க யாருப்பா பால் கறக்கறது? புது ஆள்னா இது ஒதைக்கும்."

"எங்கீங்க கறக்கறது? நேரா சந்தைக்கு ஓட்டச் சொன்னாருங்க ஐயா. ஆளு வந்து வெல பேசி முடிச்சாச்சு. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

அக்கா கயிற்றை மறுபடியும் முளையில் கட்டினாள். டிரைவர் ஊழியக்காரருக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

என் வாய் சும்மா இருக்குமா? "நீ மட்டும் ஆமென் சொல்லலியே, அப்பவே சந்தேகமாக்கா?" என்றேன்.

"எல்லாரும் சொல்லிட்டு அடுத்த அட்டைக்குப் போயிட்டாங்க. எனக்குத் தொண்டையிலயே நின்னுடுச்சு."

ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. தவிட்டு வாளியை எடுக்கப் போனேன். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னக் குரலில் என்னைக் கேட்டாள்.

"அப்ப பாப்பாவுக்கு வெளிநாட்டு வேலை கெடைக்காதா?"

அதுவரை அந்த ஆளை எனக்குத் திட்டத்தான் தெரியும். அப்போதுதான் வெறுத்தேன்.