சத்தம் போடாத மூடிகள்

என் அக்கா தையல்காரி. வெட்டி விழுந்த துண்டுத்துணியைக்கூடத் தூக்கிப் போடமாட்டாள். கிழிந்த சட்டை அவள் கைக்கு வந்தால் அதற்கு மறுபிறவிதான். அந்தக் குணம்தான் அவளைக் கவிழ்த்தது.

அத்தான் பஸ் ஓட்டியவர். வேலை முடிந்து வந்தால் கொல்லையில் தக்காளிச் செடிகளோடுதான் குடித்தனம். பருவம் முடியும்போது கடைசிப் பழங்களை வேகவைத்துக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, மூடி, கொதிநீரில் வைத்து எடுப்பார். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் 'டக்' என்று உள்வாங்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் பாட்டில் இறுகியது என்று அர்த்தம். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கச்சேரி கேட்பதுபோல் கேட்பார்.

இந்த வருஷம் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போயின. கஞ்சி, பால், எதை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வார். தன் செடித் தக்காளியை மசித்துக் கொடுத்தால் மட்டும் இறங்கும். "எப்படியாவது சாப்பிட வைங்க, இல்லன்னா தேறமாட்டார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் மலையூரில் பனிக்காலம் வேறு நெருங்கிவிட்டது. செடிகள் கருகுவதற்குள் பழத்தையெல்லாம் பாட்டிலில் ஏற்றியாக வேண்டும்.

அத்தான் வருஷா வருஷம் புது மூடி வாங்குவார். அக்கா போன வருஷத்து மூடிகளைத் தேடியெடுத்துக் கழுவினாள். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்கணும்?" என்றாள். உள்ளே ரப்பர் தேய்ந்து கிடந்தது. எங்கள் இருவர் கண்ணும் என்ன பிடரியிலா இருந்தது?

பாட்டில்களை இறக்கி மேசையில் ஆறவிட்டோம். அறைக்குள்ளிருந்து அத்தான் இடக்கையால் கரண்டியை எடுத்துக் கட்டிலில் தட்டத் தொடங்கினார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். தட்டினார். தலையணையை மாற்றினாள். மறுபடியும் தட்டினார். நாள் முழுக்க அடுப்பில் வெந்தவள் வெடித்துவிட்டாள்.

"ஐயோ, உயிர வாங்காதீங்க! உங்களுக்காகத்தானே இங்க சாகறேன்!"

கரண்டி நின்றது. அதோடு தக்காளிக்கும் அவர் வாய் திறக்கவில்லை. நர்ஸ் வந்து ஏற்றிய குளுக்கோஸில்தான் உயிர் ஓடியது.

இரண்டொரு நாளில் மூடியோரம் நுரை கசிந்தது. திறந்தால் புளித்த நாற்றம். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

"ஒரு மூடிகூடச் சத்தம் போடலடி! அதைத்தான் மனுஷன் தட்டித் தட்டிச் சொன்னாரு. பாவி நான், நாய விரட்டற மாதிரி விரட்டினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினோம். செடிகள் பனியில் கருகி நின்றன. மிச்சம், பழுக்கட்டும் என்று காகிதத்தில் சுற்றிக் கட்டிலடியில் வைத்திருந்த காய்கள்தான். பழுத்தவை ஒரு பாட்டிலுக்குத்தான் தேறின.

"அப்படியே மசிச்சுக் குடுத்துடேன்க்கா" என்றேன்.

"குடுத்தேன்டி. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

அக்கா புது மூடி வாங்கி வந்தாள். கட்டிலை அடுப்படி வாசல்வரை இழுத்தோம். கொதிநீரிலிருந்து எடுத்த பாட்டிலை அவர் கண்ணெதிரே ஸ்டூலில் வைத்து, கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் சொல்லணும். எனக்கு இதெல்லாம் தெரியலீங்க."

காத்திருந்தோம்.

டக்.

அத்தான் கட்டிலில் ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகு வாயைத் திறந்தார்.

குளிர்காலம் முழுவதற்கும் இருந்தது அந்த ஒன்றுதான். அக்கா யோசிக்கவே இல்லை. அப்போதுதான் இறுகிய மூடியை நெம்பித் திறந்தாள். நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்த நான், அத்தான் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கழுவி அவளிடம் நீட்டினேன்.