ஒத்தை கோல் காலேஜ்

நான் படித்த காலேஜுக்குத் திருச்சியில் அந்தக் காலத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒத்தை கோல் காலேஜ். கேலியாகச் சொன்னது இல்லை, மரியாதையாகச் சொன்னது. ஐம்பதுகளின் பிற்பாதி அது. ஊரில் வருஷா வருஷம் நடக்கும் ஃபுட்பால் ஷீல்டுப் போட்டியைத் தொடர்ந்து ஏழு வருஷம் நாங்கள்தான் ஜெயித்திருந்தோம். அதில் ஐந்து ஃபைனல் ஒன்றுக்குப் பூஜ்யம். ஒரு கோல் போட வேண்டியது, அப்புறம் ஈ காக்காயை உள்ளே விடாமல் தடுத்து நிற்க வேண்டியது, இதுதான் எங்கள் ஆட்டம் என்று ஊரே பேசியது.

நான் பேக் ஆடினேன். அதாவது அந்த ஈ காக்காயை உள்ளே விடாத ஆள். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்! சிவப்புச் சட்டையோடு மலைக்கோட்டைக் கடைவீதியில் நடந்தால் ஜவுளிக்கடைக்காரர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து சோடா உடைத்துக் கொடுப்பார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர், "என்ன தம்பி, இந்த வருஷமும் ஒத்தை கோல்தானே?" என்று கேட்பார். நானும் ஏதோ காவிரிப் பாலத்தையே தோளில் தாங்குகிறவன் மாதிரி, "பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பி.ஏ. கடைசி வருஷம் என்னை கேப்டன் ஆக்கினார்கள். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியது பொன்மலைப் பக்கம் இருந்த என் அக்கா வீட்டுக்கு. அக்கா வீட்டுக்காரர் ரயில் பட்டறையில் ஃபிட்டர். பட்டறை டீமுக்கு அவர்தான் போஸ்டில் நிற்கிற கோலி. எங்கள் காலேஜோடு முக்கால்வாசி ஃபைனலுக்கு வர வேண்டியது அவர்கள் டீம்தான். 'வர வேண்டியது' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முந்தின வருஷம் நானே மைதானத்தில் நின்று பார்த்தேன், அவர்கள் வரவில்லை. பயந்துவிட்டார்கள் என்று எங்கள் டீமில் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்புவதற்கு சுகமாக இருந்தது.

அன்றைக்கு மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"இந்த வருஷமாவது ஃபைனலுக்கு வருவீங்களா மாமா, இல்லே போன தடவை மாதிரி கால் நடுங்குமா?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "உங்க ஃபைனல் எத்தனை மணிக்கு மாப்ளே?"

"நாலு மணிக்கு."

"என்னிக்கு?"

"வழக்கம்போல புதன்கிழமை."

"எங்க சங்கு எப்ப ஊதுது தெரியுமா? நாலேகாலுக்கு. அதுக்கு முன்னாடி ஃபோர்மன் ஒருத்தனையும் கேட்டுக்கு வெளியே விடமாட்டான். அப்புறம் சைக்கிள் மிதிச்சு உங்க கிரவுண்டுக்கு வர அரை மணி. நாலேகாலுக்கே நீங்க காலி போஸ்ட்ல கோலைப் போட்டுட்டு ஷீல்டைத் தூக்கிட்டுப் போயிடறீங்க. ஒரு வருஷம் இல்லே, அஞ்சு வருஷம். மத்த ரவுண்டெல்லாம் எங்க கிரவுண்டுல ஞாயித்துக்கிழமையே ஆடிடறோம், ஃபைனல் மட்டும்தான் உங்க கிரவுண்டுல. ஞாயித்துக்கிழமை வைங்கன்னு நாங்க எழுதிக் கேக்காத வருஷம் கிடையாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. எதிர் டீம் கால்மணி நேரத்துக்குள் வராவிட்டால், வந்திருக்கிற டீம் நடுமைதானத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆளில்லாத போஸ்டுக்குள் ஒரு கோல் போட வேண்டும். ரெஃப்ரி விசில் ஊதுவார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வார்கள். ஊர் ஜனங்கள் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அடேயப்பா, என்ன தடுப்பு, என்ன தடுப்பு என்று ஏழு வருஷமாகப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் இல்லாத மைதானத்தில் யாரைத் தடுத்தோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"வந்திருந்தா மட்டும் கிழிச்சிருப்பீங்களோ?" என்று கத்திவிட்டு எழுந்தேன்.

அக்கா வாசல் வரை பின்னாலேயே வந்தாள். "டேய், அவருகிட்ட அப்படிப் பேசாதேடா. அவருக்கு முட்டி போயிடுச்சு. இந்த வருஷத்தோட விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு ஃபைனல் முழுசா உங்க காலேஜோட ஆடிட்டு விட்டுடறேங்கிறாரு. பட்டறையில அவரைத்தான் எல்லாரும் பயந்தாங்கொள்ளி டீமு, பயந்தாங்கொள்ளி கோலின்னு நக்கல் பண்றாங்க. கேப்டன்தானே நீ? ஏதாவது பண்ணேன்."

மறுநாள் டிரில் மாஸ்டரிடம் போய் ஆட்டத்தை ஐந்து மணிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். ஷீல்டு கொடுக்க வருகிற பெரிய மனிதர் ஐந்தரைக்கு ரயில் ஏற வேண்டும், முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைத் திறப்பதில்லை, அதுவும் முடியாது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உனக்கு ஜெயிக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஃபைனல் அன்றைக்கு நாலு மணிக்கு நாங்கள் பதினோரு பேர் மைதானத்தில் வரிசையாக நின்றோம். எதிரே ஒருத்தரும் இல்லை. கால்மணி நேரம் ஆனதும் ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். காத்திருக்கிறதா, எடுத்துக்கொள்கிறதா என்பதை கேப்டன்தான் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம்.

"என்ன சொல்றே தம்பி? வெயிட் பண்றீங்களா?"

இந்த இடத்தில் நான் நல்லவனாக நடந்துகொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அக்கா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் அதைவிடப் பலமாக வேறொன்று கேட்டது. ஏழு வருஷம் ஜெயித்த காலேஜ் எட்டாவது வருஷம் உன் கையில் தோற்றால்? பஸ் கண்டக்டர் என்ன சொல்வார்? கடைவீதியில் யார் சோடா கொடுப்பார்கள்? எனக்கு அப்போது நிஜமாகவே கால் நடுங்கியது.

"எடுத்துக்கறோம் சார்" என்றேன்.

கேப்டன் என்பதால் கோலையும் நானே போட வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு பெரிய மைதானத்தில் என் பூட்ஸ் சத்தம் எனக்கே கேட்டது. பந்து வலைக்குள் போனது, விசில் ஊதினார்கள், எங்கள் பையன்கள் கை தட்டினார்கள். ஷீல்டு கொடுத்து முடித்து, பெரிய மனிதரும் கிளம்பி, எங்கள் காலேஜ் கூட்டமும் கலைந்த பிறகு, வலையில் கிடந்த பந்தை எடுக்க நான் திரும்பப் போனபோது சைக்கிள்கள் வந்தன. காக்கி உடுப்பும் கையில் கிரீஸுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் வந்தவர் மாமா. சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். மூச்சு வாங்கியது. என்னையும் போஸ்டையும் பார்த்தார்.

"முடிஞ்சுதா மாப்ளே? சரி. அக்கா முறுக்கு சுத்தி வெச்சிருக்கா. வந்து எடுத்துட்டுப் போ."

திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த முறுக்குப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வாரம் அக்கா வீட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. கடைவீதியில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மாலை கழுத்தை அரித்தது. பஸ்ஸில் கண்டக்டர், "சொன்னேன் பார்த்தீங்களா, ஒத்தை கோல்!" என்றார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன்.

நாலாவது வாரம் டீமைக் கூட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை மைதானத்துக்குப் போய் அவர்களோடு ஆடலாம் என்றேன். "ஷீல்டுதான் நம்மகிட்டே இருக்கே, உனக்கு என்னடா பைத்தியமா?" என்று கேட்டார்கள். மூன்று பேர் வரவே மாட்டேன் என்றுவிட்டார்கள். எட்டுப் பேர் சைக்கிளில் போனோம்.

முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்ததால் மாமா மைதானத்து ஓரத்தில் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எண்ணினார்.

"எட்டுப் பேர்தான் வந்திருக்கோம் மாமா. ஆடலாமா?"

அவர் திரும்பித் தன் ஆட்களிடம் சொன்னார். "மூணு பேர் உக்காருங்கப்பா. நாமும் எட்டு."

ஷீல்டும் கிடையாது, பெரிய மனிதரும் கிடையாது. பட்டறைப் பையன் ஒருவன் விசில் ஊதினான். முதல் ஹாஃபில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். மாமாவின் கைக்கு எட்டாத மூலையில், நல்ல கோல். அப்பாடா, நம் பெயர் பொய்யில்லை என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. அதற்கப்புறம் ஒரு ஒல்லி வெல்டர் என்னை மூன்று தடவை தாண்டிப் போனார். மூன்று தடவையும் கோல். ஈ காக்காய் என்ன, அன்றைக்கு யானையே உள்ளே போயிருக்கும். கடைசிப் பத்து நிமிஷம் நாங்கள் உயிரைக் கொடுத்து ஆடினோம். மாமா அந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பந்தைப் பாய்ந்து பிடித்தார். மூன்றுக்கு ஒன்று. தோற்றோம்.

எங்கள் பெயர் தகுதியான பெயர்தானா என்று இன்றைக்கும் பழைய மாணவர் கூட்டத்தில் யாராவது கேட்டால் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். நல்ல டீம்தான். ஓடத் தெரிந்தது, பாஸ் கொடுக்கத் தெரிந்தது. ஆனால் ஊர் சொன்ன டீம் நாங்கள் இல்லை. அப்படி ஒரு டீம் எங்கேயும் இருந்ததில்லை. இப்படிச் சொன்னால் சில பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் பட்டறை ஆட்கள் கத்திக்கொண்டு மாமாவைத் தூக்கப் போனார்கள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு போஸ்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலிக்கிறதாக்கும் என்று நான் ஓடினேன். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்று நினைத்தேன். வியர்வை இல்லை. முப்பத்தாறு வயசு மனிதர் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுடுங்க மாமா. அன்னிக்கு நான் காத்திருந்திருக்கணும்" என்றேன்.

"அது கிடக்கட்டும்டா" என்றார். "இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் சங்கு, ஃபோர்மன்னு சொல்லிட்டேனே ஒழிய, எனக்கு உள்ளுக்குள்ள வேற பயம். நேரத்துக்கு வந்திருந்தாலும் உங்ககிட்ட தோத்துத்தான் போயிருப்போமோன்னு. பட்டறையில அவங்க சொல்றது நெஜம்தானோன்னு. இதை உங்க அக்காகிட்டகூட நான் சொன்னதில்லே."

நான் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அவர் கையில் கிரீஸ் கறை போகாமலே இருந்தது.

"தோத்திருக்க மாட்டீங்க மாமா" என்றேன். "ஒரு வருஷம்கூட."