காதுச் சோமரும் மயூரதன் வீட்டு ஏழு பெட்டியும்

பன்னிரண்டு வருடமாக ஒரு பொன்னாடை என் கண்ணுக்குள் கிடந்து உறுத்துகிறது.

எங்கள் ஊர் வைரவர் கோயில் பொங்கலுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியவன் நான். பனையில் ஏறிக் குழாய்களைக் கட்டியதும் நான், வயர் இழுத்ததும் நான், நெஞ்சு முழுக்கச் சிராய்ப்போடு இறங்கியதும் நான். பூசை தொடங்கிய நேரம் பார்த்து ஒரு குழாய் கூவென்று கத்தத் தொடங்கியது. அம்பிளிபயரில் இருந்த எல்லாத் திருகியையும் திருகிப் பார்த்தேன். அடங்கவில்லை. அந்த வழியால் சைக்கிளில் போன சோமசேகரம் இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு மைக்குக்குக் கிட்ட இருந்த குழாயை ஒரு சாண் மறுபக்கம் திருப்பினார். சத்தம் நின்றது. தர்மகர்த்தா ஓடிவந்து, எனக்கென்று எடுத்து வைத்திருந்த பொன்னாடையை அவருக்குப் போர்த்தினார்.

"காதெண்டால் இதல்லோ காது!"

எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் காதுச் சோமர். நான் வெறும் பொன்னம்பலம்.

சோமண்ணை இந்த மாசியில் காலமாகிவிட்டார். செத்த மனிசனைப் பற்றி நல்லதைத்தான் எழுதவேண்டும் என்பார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். நடந்ததைத்தான் எழுதத் தெரியும்.

அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட அவருக்கு றேடியோ திருத்துகிற ஒரு சின்னக் கடை. கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றவைத்து ஊருக்கு றேடியோச் செய்தி கேட்பித்தவர். அதை நான் மறுக்கவில்லை. எந்தப் பெட்டியைத் திருத்தினாலும் கடைசியில் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஆட்கள் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். "ம், சரி" என்றால் சரி. எனக்கும் அதே தொழில்தான். நானும் ஒருநாள் என் கடையில் அப்படிக் கையை வைத்துக் கண்ணை மூடினேன். வந்தவர், "என்ன தம்பி, கரண்ட் அடிக்குதோ?" என்று கேட்டார்.

போன வருடம் கனடாவிலிருந்து மயூரதன் வந்து ஊரில் மாடிவீடு கட்டத் தொடங்கி, இந்த மாசி பிறக்க முடித்தார். படம் பார்க்கவென்றே யன்னல் இல்லாத ஓர் அறை. அதற்கு ஸ்ரீரியோவா, சரவுண்டா என்பதுதான் கேள்வி. ஸ்ரீரியோ என்றால் முன்னால் இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. சரவுண்ட் என்றால் முன்னால் மூன்று, பக்கத்தில் இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு. நான் சரவுண்ட் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதற்காகவே மூன்று மாதம் யூரியூப்பைப் பார்த்துப் பழகியிருந்தேன். இந்த அறையை நான் செய்துவிட்டால் வெளிநாட்டுக்காரரின் மற்ற வீடுகளும் என்னைக் கூப்பிடும். சோமண்ணையைக் கேட்காமல் கூப்பிடும். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வசனம்தான்.

ஏழு பெட்டியையும் கொண்டுபோய் வைத்து, மழை பெய்கிற படம் ஒன்று போட்டுக் காட்டினேன். மயூரதன் கதிரையில் இருந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பின்பத்திக் கூரையிலை ஒழுகுதோ எண்டு நினைச்சன்" என்று அவருடைய மனிசி வினோஜா சிரித்தார்.

வேலை எனக்குத்தான் என்று நினைத்த நேரம் மயூரதன் வாசலைப் பார்த்துக் கேட்டார்: "சோமண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள்! எனக்குத் தெரியாது. கதவுநிலையில் சாய்ந்து நின்ற சோமண்ணை மெல்லச் சொன்னார்:

"படம் முன்னாலைதானே தம்பி ஓடுது. சத்தம் என்னத்துக்குப் பின்னாலை வரவேணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மூன்று மாதம் அந்தச் சிரிப்போடு போனது.

அவர் தன்னுடைய இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அம்பிளிபயரைப் பூட்ட அவர் குனிந்த நேரம் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். வலப்பக்கப் பெட்டியின் பின்னால் கையை விட்டு வயரை இழுத்துவிட்டேன். கழன்ற நுனியைக் கண்ணுக்குத் தெரியாதபடி பெட்டிக்கு அடியில் செருகியும் வைத்தேன். ஒரு பெட்டி ஊமையாக இருக்கும். காதுச் சோமர் தடுமாறுவார். நான் போய்க் கண்டுபிடித்துப் பூட்டுவேன். அதுதான் எண்ணம்.

நாதஸ்வரம் ஒன்று போட்டார். இடப்பக்கம் மட்டும்தான் பாடியது. திரைச்சீலை, விரிப்பு ஒன்றும் போடாத வெறுஞ்சுவர் அறை. எதிரொலி எல்லாப் பக்கமும் அடித்தது. சோமண்ணை இடது பெட்டியில் கையை வைத்துக் கண்ணை மூடினார். வலது பெட்டியில் வைத்தார். அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றார். கண்ணைத் திறந்து என்னை ஒருமுறை பார்த்தார்.

"ம், சரி."

"எனக்கு ஒரு பக்கமாத்தான் கேக்குது" என்றார் வினோஜா.

"சும்மா இரும்" என்று மயூரதன் அதட்டினார். "சோமண்ணை சரியெண்டுறார். உமக்கென்ன தெரியும்? எப்பிடிக் கிடக்கு பாரும், ரெண்டு பக்கமும் சமனா!"

ஊமைப் பெட்டியைக்கூட அந்த மனிசனின் பெயர் பாடவைத்துவிட்டது. "அது வேலை செய்யேல்லை" என்று கத்த வாய் வந்தது. ஆனால் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால்? விழுங்கிக்கொண்டேன். ஸ்ரீரியோ என்று முடிவாகியது.

கிணற்றடியில் கை கழுவ நின்றேன். சோமண்ணை வந்து என் வலப்பக்கமாகச் சுற்றிப்போய் நின்றார். நான் எப்போதும் அவருடைய இடப்பக்கத்தில் வருகிற மாதிரித்தான் நிற்பார். பெரிய மனிசன் எடுப்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"எடேய் பொன்னா, வயரை இழுத்தது நீதானே?"

"என்ன வயர்?"

"பெட்டி துடிக்கேல்லையடா. கை சொல்லிப்போட்டுது."

"அப்ப ஏன் சரியெண்டனீங்கள்?"

"கை சொன்னது, காது சொல்லேல்லையே. வலது காது எனக்கு ஆறு வருஷமாச் செத்துப்போச்சு. பெட்டி பாடேல்லை எண்டு நான் சொன்னால், ஆர் இழுத்தது எண்டு தேடுவினம். உன்ரை பிழைப்புப் போகும். கேக்கேல்லையோ எண்டு என்னைக் கேட்டால் என்ரை பிழைப்புப் போகும்."

இதை எழுதலாமோ என்று இப்போது கமலாவதி அக்காவிடம் கேட்டேன். அவர் சோமண்ணையின் மனிசி. "எழுதன். ஆறு வருஷம் வலப்பக்கம் நிண்டு நான் ஏசினது ஒண்டும் அவருக்குக் கேக்கேல்லை. எனக்குத் தெரியாதே?" என்றார்.

அன்று கிணற்றடியில் எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"அப்ப ஏன் என்ரை ஏழு பெட்டியையும் பகிடி பண்ணினீங்கள்?"

"என்ன செய்ய? எனக்கு எல்லாம் ஒரு பக்கத்தாலைதான் வருது. பின்னாலை எது, பக்கத்தாலை எது எண்டு தெரியாது. தெரியாது எண்டு சொல்ல வாய் வரேல்லை. தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டன்." வேட்டித் தலைப்பில் கையைத் துடைத்தார். "நீ வைச்சது நல்லாத்தானே இருந்தது? சனத்தின்ரை முகத்தைப் பாத்தனான். மழைக்கு எல்லாம் தலையைத் திருப்பிச்சுதுகள்."

"நல்லாத்தான் இருந்தது."

"அந்த அறைக்கு அதுதான் சரி."

"அப்ப நானே போய்ச் சொல்லுறன்."

"நீ சொன்னால் உவன் கேக்கமாட்டான்ரா."

உண்மைதான். அதுதான் என்னைச் சுட்டது. அந்த அறைக்கு எது சரி என்று நல்ல காது இரண்டையும் வைத்துக்கொண்டு நான் சொன்னால் செல்லாது. ஒரு காது செத்த மனிசன் சொன்னால் செல்லும். வேலை எனக்குக் கிடைத்தாலும் அது அவர் எடுத்துத் தந்த வேலையாகத்தான் கிடைக்கும்.

நான் பெட்டிகளை லாண்ட்மாஸ்டர் உழவுவண்டியில் ஏற்றினேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலைவரை கூடவே வந்தார், நான் இடப்பக்கம் வரும்படியாக. அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு காணவில்லை. நாலாம் நாள் நெஞ்சுவலி. அன்று படலையில் நின்று என்னிடம் ஒன்று கேட்டார். நான் "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலமை மயூரதனிட்டைப் போ. ஏழு பெட்டியும் போடட்டாம், சோமண்ணைதான் சொல்லிவிட்டவர் எண்டு சொல்லு."