திருப்பித் தந்த போத்தல்

நோர்வேயில் ஒரு வைத்தியசாலையின் மனநல விடுதியில் தாதியாக இருக்கிறேன். "உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தீர்களா?" என்ற கேள்வியை இங்கே தேநீருக்குச் சீனி போடவா என்பதுபோலக் கேட்கிறார்கள். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே உண்டு. எனக்கு இன்னும் நாக்குக் கூசுகிறது. போன மாசியில், மறுநாள் வீடு போக இருந்த கிழவர் ஒருவர் அந்தக் கட்டத்துக்கு "இல்லை" என்றார். பிறகு தன் கம்பளிக் கையுறைகளை என்னிடம் நீட்டி, "வைத்துக்கொள், எனக்கு இனி வேண்டாம்" என்றார். வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தது.

எனக்குப் பாக்கியமக்காவின் போத்தல் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், இரணைமடுவுக்குக் கிட்ட ஒரு சிறு வைத்தியசாலையில் மருந்து கொடுப்பவளாக இருந்தேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மருந்துப் போத்தல் வராது. நோயாளர்தான் கழுவிக் கொண்டுவர வேண்டும். பாக்கியமக்காவுக்கு நெடுநாள் முட்டு வருத்தம், மூச்சு இழுத்தபடியேதான் வருவார். அந்த வருடம் கணவரையும் இழந்திருந்தார். ஒருநாள் வெறும் போத்தலை நீட்டினார்.

"பிள்ளை, இதை வேற ஆருக்கும் குடுங்கோ. எனக்கு இனித் தேவையில்லை."

"நல்லதக்கா, சுகம் வந்திட்டுது!" என்று, ஒரு போத்தல் கிடைத்த புளுகத்தில் முகம் மலர வாங்கி வைத்தேன். அதில் இன்னொருவருக்கு மருந்து ஊற்றும்போதுதான் உறைத்தது. பேசும்போதும் அவருடைய நெஞ்சு இழுத்துக்கொண்டுதானே இருந்தது? சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கேட்டால் நாமே அந்த நினைப்பைக் கொடுத்ததாகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் கேட்டேன்.

"அக்கா, சாகிற யோசினையோ?"

"ஓம் பிள்ளை." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஒருத்தரும் கேக்கேல்லை."

அவருடைய தங்கை வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அடுத்த கிளினிக் நாளில் பாக்கியமக்கா வந்து, "எங்கை என்ரை போத்தல்?" என்று சண்டை பிடித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.

கிழவரின் கையுறைகளை மேற்பார்வைத் தாதியிடம் காட்டினேன். அவள் முகம் சுளித்தாள். "நோயாளியிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாதென்று தெரியாதா?"

"அன்பளிப்பல்ல. குளிர் இன்னும் முடியவில்லையே," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. படிவத்தை வைத்துவிட்டு, கிழவரின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு மறுபடி கேட்டேன். இம்முறை "ஆம்" என்றார். வைத்தியர் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

சில வாரங்களின் பின், வெளியே நடக்கப் புறப்பட்டவர் என் முன்னால் வந்து கையை நீட்டினார். "என் கையுறைகள் எங்கே?"

மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருடம் பேசிய நோர்வே மொழி அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. "இந்தாங்கோ ஐயா, போட்டுக்கொண்டு போங்கோ," என்றேன். அவர் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கினார்.