ஸ்தமென்காவின் காப்பியறையில் ஒரு பெட்டி

பூத்வா கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் பதினாலாம் நம்பர் சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிட்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். இன்னொருத்தி மடியில் தர்பூசணி வைத்திருந்த ஒரு விதவை. எங்கள் ஊர் சாச்சக் பஸ் நிலையத்தில் சண்டை முடிந்தபோது தர்பூசணி இல்லை, ரயில்வேக்காரரின் தொப்பியும் இல்லை. டிரைவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இறங்கிப்போய் ஒரு பீர் சொன்னார்.

எங்கள் கம்பெனியில் இது ஒன்றும் அதிசயமில்லை. லாகுமோவிச் போக்குவரத்துக்கு இரண்டு முதலாளிகள்: அண்ணன் விதோயே, தம்பி திஹோமிர். அப்பன் செத்து, சொத்துப் பிரித்த நாளிலிருந்து பதினொரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கம்பெனியைப் பிரித்தால் வங்கிக்காரன் கடனைத் திருப்பிக் கேட்பான் என்பதால் கட்டடத்தைப் பிரித்தார்கள். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் ஒரு டிக்கெட் கவுண்டர், இந்தப் பக்கம் ஒரு கவுண்டர். டிக்கெட் கணக்கு வைக்க அண்ணனுக்கு ஒரு சர்வர் கம்ப்யூட்டர், தம்பிக்கு ஒரு சர்வர். இந்தப் பக்கம் விற்ற சீட்டு அந்தப் பக்கத்துக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அங்கேயும் விற்றுத் தீர்த்திருப்பார்கள். இந்த இரண்டு சர்வர்களையும் கட்டி மேய்க்கிற பாவி நான், ஸ்ரெச்கோ.

சுவர் எழுப்ப முடியாத இடம் ஒன்றே ஒன்று, காப்பியறை. தண்ணீர்க் குழாய் அங்கேதான் இருந்தது; அதைப் பிரிக்க எந்த வக்கீலாலும் முடியவில்லை. ஆகவே அதற்கு இரண்டு கதவு வைத்தார்கள், ஆளுக்கொன்று. நடுவில், நீல நைலான் அங்கியும் வாயில் சிகரெட்டுமாக, ஸ்தமென்கா.

அவளுக்குச் சம்பளம் காப்பி போடுவதற்கு. பார்த்த வேலை தபால். கிண்ணமும் ஒரு துண்டு மிட்டாயும் வைத்த தட்டோடு ஒரு கதவில் நுழைவாள், சேதியோடு திரும்பி வருவாள்.

"அந்தக் கழுதைகிட்ட போய்ச் சொல்லு, கோடைக்கு இன்னும் ரெண்டு வண்டி வேணும்னு," என்பார் விதோயே.

அடுத்த கதவுக்குள் அவள் குரல் வேறு மாதிரி கேட்கும். "சின்ன மொதலாளி, கோடைக்கு இன்னும் ரெண்டு வண்டி விட்டா நல்லாருக்குமான்னு பெரியவரு உங்க யோசனையக் கேக்கறாரு."

கழுதை வழியிலேயே காணாமல் போயிருக்கும். ஆனால் என்றைக்காவது அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் இளகிய வார்த்தை வந்தால், இவளே தன் கையிருப்பிலிருந்து ஒரு கழுதையைச் சேர்த்து அனுப்புவாள். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"ஏன்க்கா, அவரு 'தம்பிக்கு உடம்பு எப்படி இருக்கு'ன்னுதான கேட்டாரு? நீ என்ன 'இன்னும் சாகலியா'ன்னு கேட்டாருன்னு சொல்றே?"

"வாய மூடுடா." சிகரெட்டை வாயின் மறு ஓரத்துக்குத் தள்ளினாள். "ரெண்டு பேரும் ராசியாயிட்டா என்னைய எதுக்கு வச்சிருக்கப் போறானுங்க? காப்பி மெஷின் படம் போட்ட புஸ்தகம் ரெண்டு பேரு மேசையிலயும் கெடக்குது. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"மெஷின் காப்பி போடும். போய், 'உங்க அண்ணன் உங்கள நாறவாயன்னு சொன்னாரு'ன்னு பக்குவமாச் சொல்லுமா? பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு குளிர்காலம் இருக்குடா. அதுவரைக்கும் இவனுங்க சண்டை கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது."

தர்பூசணிச் சண்டைக்குப் பிறகு முதலாளிகள் இருவருமே என்னைத் தனித்தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார்கள். நான் இருவரிடமும் ஒன்றையே சொன்னேன். இரண்டு சர்வரும் இருக்கட்டும், டிஸ்க் ஒன்றாக இருக்கட்டும். டிக்கெட் கணக்கு அதில் மட்டும். ஒன்று எழுதும்போது மற்றது பொறுத்திருக்கும், ஒன்று படுத்துவிட்டால் மற்றது அதே கணக்கை எடுத்து நடத்தும்.

பெல்கிரேடிலிருந்து பளபளப்பான ஷூ போட்ட ஒருவன் வந்து, கண்ணாடி இழைக் கேபிள், அதற்கென்றே தனி ஸ்விட்ச், அலமாரி உயரத்துக்கு ஒரு டிஸ்க் பெட்டகம் என்று படம் போட்டுக் காட்டினான். அந்த விலைக்கு ஒரு புது பஸ் வாங்கலாம், ஏசியோடு. விதோயே அவனுக்குப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து வழியனுப்பிவிட்டார். திஹோமிர் அதுவும் கொடுக்கவில்லை.

நான் சொன்னது சாதாரணப் பெட்டி. உள்ளே நாலைந்து டிஸ்க், வெளியே பிரிண்டருக்குப் போகிற அதே நெட்வொர்க் கேபிள். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஓடட்டுமே, நாங்கள் விற்பது பஸ் டிக்கெட், ராக்கெட் விடவில்லை. சர்வருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பதும் இல்லை, கேபிள் எட்டுகிற எந்த இடத்திலும் வைக்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது.

"அவன் பக்கம் வச்சா நான் கேபிள அறுத்துடுவேன்னு சொல்லு," என்று ஒரு கதவிலிருந்து சேதி வந்தது. மறு கதவிலிருந்தும் அதே சேதி, கூடுதலாக அம்மாவை இழுத்து. அம்மா இருவருக்கும் ஒருத்திதான் என்பது அவசரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது காப்பியறை.

"என் அடுப்படியில இந்தச் சனியன வைக்க இதென்ன உங்கப்பன் வீடா?" என்றாள் ஸ்தமென்கா.

"ஒரு மூலையில இருக்கும்க்கா. சோறு கேக்காது, காப்பி கேக்காது."

"சத்தம் போடுதே."

"அது மூச்சு விடுது."

மூச்சு விடுகிறது என்றதும் கொஞ்சம் இரங்கினாள். சர்க்கரை டப்பாவை நகர்த்தி அலமாரியில் இடம் விட்டாள். அன்றிலிருந்து எந்தச் சீட்டும் இரண்டு முறை விற்றுப்போகவில்லை. ஒருமுறை தம்பியின் சர்வர் படுத்தது. அண்ணனுடையது ஒரு டிக்கெட் கூட விடாமல் இரண்டு பக்கத்தையும் தாங்கியது. மறுவாரம் அண்ணனுடையது படுத்தது. இயந்திரங்கள் இப்படிக் குடும்பம் நடத்துவதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

ஜூலை கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கே தார் உருகும் வெயில். பாதி சாச்சக்கும் கடலுக்குக் கிளம்பி நிலையத்தில் நின்றது. இரண்டு கவுண்டரும் ஒரே சமயத்தில் நின்றுபோயின. ஒரு சர்வர் போனால் இன்னொன்று இருக்கிறது. டிஸ்க் பெட்டி போனால் ஒன்றுமே இல்லை. இன்னொரு பெட்டியும் வாங்கலாம் என்று நான் சொன்னபோது இரண்டு பேருமே சிரித்தவர்கள்.

காப்பியறைக்கு ஓடினேன். உள்ளே அடுப்புச் சூடு. கதவு திறந்து மூடும்போது காற்று ஊடாடினால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தாள். பெட்டியின் மேல், அது தெரியாதபடி நாலு பக்கமும் தொங்கத் தொங்க, வெள்ளை நூலில் பின்னிய விரிப்பு. அதன் மேல் பித்தளைக் காப்பிச் சட்டி. காற்றுத் துளை எல்லாம் அடைபட்டு, பெட்டி சூடேறித் தானாகவே அணைந்திருந்தது.

"மொட்டையா நின்னுச்சுடா. பாக்கச் சகிக்கல," என்றாள் சின்னக் குரலில். "நேத்துதான் பின்னி முடிச்சேன்."

நான் விரிப்பை உருவி அவள் அங்கிப் பைக்குள் திணிக்கவும் இரண்டு கதவும் திறக்கவும் சரியாக இருந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் நின்றார்கள்.

"ஸ்தமென்கா, கேபிளப் புடுங்கிட்டான்ல? அவன்கிட்ட கேளு!"

"ஸ்தமென்கா, புடுங்கினது அவன்னு அவன்கிட்டயே சொல்லு!"

இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு. அவளும் பழக்கதோஷத்தில் இங்கே திரும்பி, அங்கே திரும்பி, வாயைத் திறந்து திறந்து மூடினாள். நடுவில் புகுந்தேன். பெட்டி ஆறியதும் எழுப்பிவிடலாம், ஆனால் இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் கணக்கு கந்தலாகிவிடும், யாராவது ஒருவர் தன்னுடையதை முதலில் அணைக்க வேண்டும் என்றேன்.

"அவனோடத அணைக்கச் சொல்லு."

"அவன அணைக்கச் சொல்லு."

வெளியே ஜனம் கவுண்டரைத் தட்டியது. விதோயே முகம் பீட்ரூட் நிறமானது. அவருக்கு ஏற்கெனவே இதயத்தில் ஒரு கோளாறு. கையில் கிடைத்தது காப்பி அரைக்கிற பித்தளைக் குழல். அதை ஓங்கினார். திஹோமிர் ஸ்டூலைத் தூக்கினார்.

ஸ்தமென்கா என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினேன். இன்னொரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒருவர் மண்டை உடையும், சண்டை இன்னும் இருபது வருஷம் தாங்கும், அவள் பென்ஷன் பத்திரம். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"நான்தான்," என்றாள். பையிலிருந்து விரிப்பை எடுத்து மேசையில் போட்டாள். "யாரும் எதையும் புடுங்கல. நான்தான் அதப் போத்தி வச்சேன். கீழ போடுங்கய்யா ரெண்டையும்."

குழல் இறங்கியது. ஸ்டூல் இறங்கியது. குற்றம் சொல்ல ஆள் இல்லாமல் இருவரும் விழித்தார்கள்.

"அப்ப நீ புடுங்கலையா?" என்று கேட்டார் திஹோமிர். நேராக அண்ணனைப் பார்த்து.

"இல்லடா. நீ?"

"நானும் இல்ல."

விதோயே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஸ்ரெச்கோ, என்னோடத அணைச்சுடு," என்றார்.

மதியத்துக்குள் பஸ்கள் கிளம்பிவிட்டன. அந்த வாரம் தம்பி அண்ணன் அறையில் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தேன். அடுத்த மாதம் சுவரில் ஒரு ஓட்டை விழுந்தது, பிறகு அது வாசலானது. இலையுதிர் காலத்தில் இருவரும் என்னை ஒன்றாகக் கூப்பிட்டார்கள். ஒன்றாக! மேசையில் அந்தக் காப்பி மெஷின் படப் புத்தகம் விரிந்து கிடந்தது. காப்பியறை இனி சர்வர் அறையாகிறதாம். ஏசி மாட்டப்போகிறார்களாம்.

"நீ சொல்லிடு அவகிட்ட," என்றார் விதோயே தம்பியிடம்.

"அண்ணன் இருக்கும்போது நான் எப்படி?"

இருவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

போனேன். வழியில் அந்தச் சேதியை எப்படியெல்லாமோ மாற்றிப் பார்த்தேன். அவள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை. அவள் அடுப்பில் காப்பி நுரைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கதவுலேர்ந்து சேதி?"

"ரெண்டுலேர்ந்தும்க்கா."

"ரெண்டு பேரும் சேர்ந்தா சொன்னானுங்க?"

"ஆமா."

"சண்டை போடாம?"

"சண்டை போடாம."

சட்டியை இறக்கி வைத்தாள். சிரித்தாள், சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது. "பதினோரு வருஷமா ஒருத்தன் கிழக்குன்னா ஒருத்தன் மேற்குன்னான். கடைசியில என் விஷயத்துலதானாடா ஒத்துப்போகணும்?"

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள் எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள், தனக்கு ஒன்று. பிறகு எழுந்து போய் இரண்டு கதவையும் உள்ளே தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அண்ணனும் தம்பியும் மாறி மாறித் தட்டினார்கள். அன்று அவர்கள் யாருக்கும் காப்பி கிடைக்கவில்லை.