தவளை வெட்டும் வகுப்பு

ஐந்தாம் வகுப்போடு தோட்டத்தில் இறங்கி, உரும்பிராயில் சொந்தமாக லொறி வாங்கியவன் நான். மகளுக்கு மருத்துவபீடம் கிடைத்தும், கம்பஸ் திறக்க ஒரு வருடம் இழுபட்டது. அதுவரை சும்மா இருக்காமல் ரியூசன் வகுப்புக்குப் போகட்டும் என்று நினைத்தேன். வாசலில் சைக்கிள் குவிந்து நிற்கும் இடம்தான் நல்ல ரியூசன் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அப்படிப் பார்த்து அவளை இரசாயன வகுப்பில் சேர்த்தேன். அவளோ நாலைந்து சைக்கிளே நின்ற விலங்கியல் வகுப்புக்குப் போனாள். கோபத்தோடு உள்ளே நுழைந்தேன். அவள் தவளைக்கு மேல் கத்தியைப் பிடித்தபடி இருந்தாள்.

"எழும்பு பிள்ளை! உதுக்கோ வந்தனீ?"

"ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுத்துது அப்பா. இப்ப பழகாட்டி அங்கை கம்பஸிலை மயங்கி விழுந்திடுவன். பேசாமல் நில்லுங்கோ."

கத்தி இறங்கியது. சுவரைப் பிடித்துக் கண்ணை மூடியவன் நான்தான்.

'டொக்டரின்ரை தகப்பன்' என்று சந்தையெல்லாம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். அவள் தனியாகச் சுமந்த அந்தப் பயம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.