துண்டுக்குள் ஒரு கைகுலுக்கல்

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. நகரியில் நைனா விசைத்தறி ஓட்டுகிறார். மொட்டை மாடியில் ஒரு துளசித் தொட்டி, அதுவும் பாதி நாள் வாடித்தான் இருக்கும். அந்த வீட்டிலிருந்து கிளம்பி, திருப்பதியில் வேளாண்மையும் வணிகவியலும் சேர்ந்த பட்டப் படிப்பில் சேர்ந்தேன். தெருவே சிரித்தது. "நெலமும் இல்ல, கடையும் இல்ல. ரெண்டையும் சேத்துப் படிச்சி உம் பொண்ணு இன்னாத்த கிழிக்கப் போவுது?" என்று நைனாவிடமே கேட்டார்கள். நைனா தறியை நிறுத்தாமல், "கிழிக்கிறது எங்க வேல இல்லப்பா, நெய்யிறதுதான்" என்றார்.

கல்லூரியிலும் அதே கதைதான். முழுக்க வேளாண்மை படிக்கிறவர்கள் எங்களைக் கடைக்காரர்கள் என்பார்கள். வணிகவியல்காரர்களுக்கு எங்கள் செருப்பில் ஒட்டிய சேறு ஆகாது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எங்களுக்குப் பட்டப்பெயரே உண்டு. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. காலையில் மண்ணைக் கரைத்துச் சோதித்துவிட்டு மதியம் ஐந்தொகை போட்டேன். வாரம் ஒருநாள் நேர்முகத் தேர்வுப் பயிற்சி. கையைத் தளர விடாதே, அழுத்திக் குலுக்கு, கண்ணைப் பார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கை குலுக்குவதில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

கடைசி வருடம் ஒரு பருவம் முழுக்க ஒரு விவசாயி வீட்டில் தங்கி வேலை பழக வேண்டும். எங்கள் படிப்புக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை: விளைச்சல் மரத்தை விட்டு இறங்கி விற்று முடியும்வரை கூடவே போய் அறிக்கை எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தது சித்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், தமிழ் பேசுகிற ஓர் அக்காவின் மாந்தோப்பு. கணவர் இறந்த பிறகு தோப்பை அவர்தான் பார்க்கிறார். மருந்து அடிப்பது, தண்ணீர் விடுவது, ஆள் வைத்துக் காய் இறக்குவது எல்லாம் அவர். விற்பது மட்டும் கொழுந்தனார்.

ஏனென்றால் காய் விற்கப் போகிற மண்டியில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். பக்கத்து வண்டிக்காரருக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. துண்டுக்குள் ஒரு பெண்பிள்ளை போய் ஆண்பிள்ளை கையைப் பிடிக்கலாமா? கூடாது. ஆகவே தன் காய் என்ன விலைக்குப் போனது என்பதை அந்த அக்கா இத்தனை வருடமும் கொழுந்தனார் வீடு திரும்பிச் சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருடம் தோத்தாபுரி மாங்காய் விலை படுத்துக் கிடந்தது. முதல் லோடு ஏற்றுகிற சமயம் பார்த்துக் கொழுந்தனார் பைக்கிலிருந்து விழுந்து, புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டார். கட்டு வலது கையில். இறக்கின காய் காத்திருக்குமா? இரண்டு நாள் போனால் அடியில் இருப்பது அழுக ஆரம்பிக்கும். அக்காவின் வருட வரும்படியே அந்தத் தோப்புதான்.

"நான் கைய உடறேன்" என்றேன்.

"ஊரு சிரிக்கும் பாப்பா."

"சிரிக்கட்டும்க்கா. எங்க தெரு மூணு வருசமா சிரிச்சிக்கினுதான் கீது."

கொழுந்தனார் கட்டிலில் படுத்தபடியே இடது கையால் பாடம் எடுத்தார். ஒரு விரல் முழுசாகப் பிடித்தால் டன்னுக்கு ஆயிரம், பாதி விரல் என்றால் ஐநூறு. எல்லாம் சொன்னார். முழுக் கையையும் பிடித்து அழுத்தினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம், அதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

அக்காவும் வண்டியில் கூடவே வந்தார். மண்டியில் வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆடபில்லனா பம்பிச்சாரு?" பெண்பிள்ளையையா அனுப்பியிருக்கிறார்கள் என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்துவிட்டு, போனால் போகிறது என்பது போலத் துண்டை விரித்தார். உள்ளே என் நான்கு விரல்களைப் பிடித்தார். நான் அவருடையதில் ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, பிறகு பாதி விரலையும் பிடித்தேன். அவர் மறுபடி நான்கு. சரி, பயந்துவிடவில்லை என்று காட்டலாம் என நினைத்தேன். கண்ணைப் பார்த்து, முழுக் கையையும் பிடித்து, அழுத்தி ஒரு குலுக்குக் குலுக்கினேன்.

வியாபாரி துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஆட்கள் வண்டியின் பின்கதவை அவிழ்க்கப் போனார்கள்.

"இன்னாது? அதுக்குள்ள அவுக்கறாங்க?" என்றார் அக்கா.

"உங்க பொண்ணு முழுக் கை குடுத்துட்ச்சிம்மா. அயிப்போயிந்தி, வியாபாரம் முடிஞ்சிது" என்றார் வியாபாரி. "மண்டிக்கு வந்தா மண்டி ஞாயம் தெரிஞ்சிக்கினு வரணும்."

அக்கா என்னைத் திட்டவில்லை. எவ்வளவுக்கு முடிந்தது என்று மட்டும் கேட்டார். அதையும் நான் அவர் காதில்தான் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். ஒரு வருடம் பாடுபட்டவருக்குக் காதில் சொல்ல வேண்டுமாம். நான் லோடு மேல் ஏறி நின்றேன்.

"டன்னுக்கு நாலாயிரம்" என்று கத்தினேன். தெலுங்குக்காரர்களுக்காக இன்னொரு தடவை, "நாலுகு வேலு."

வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்லி அதுவரை கேட்டதே இல்லை போல. பிறகு மூன்றாவது வண்டியிலிருந்து ஒருவர், "எனக்கு அஞ்சரை குடுத்தானே" என்றார். இன்னொருவர், "எனக்கு நாலேதான்யா. இதே காயிதான்" என்றார். ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். வியாபாரி சிவந்துபோய், உங்கள் லோடே வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

அடுத்து வந்த வியாபாரியும் துண்டைத்தான் நீட்டினார். அக்கா பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "வாயால சொல்லு. இல்லாங்காட்டி லோடு எறங்காது." வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஐந்தரைக்குப் போனது. அக்கா தன் காதாலேயே கேட்டு, தானே சரி என்றார்.

மண்டி வியாபாரிகளின் புகார் எனக்கு முன்னால் திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இனி நம் பிள்ளைகளை மண்டிக்குள் விட மாட்டார்கள், மன்னிப்புக் கடிதம் கொடு, இல்லாவிட்டால் களப்பணிக்கு மதிப்பெண் கிடையாது என்றார் துறைத் தலைவர். அவர் முன்னாலேயே எழுதினேன்: 'வியாபாரம் முடியாதபோது வியாபாரி ஐயாவின் கையை அழுத்தியது என் தவறு, அதற்கு மன்னிக்கவும். விலையைச் சத்தமாகச் சொன்னது தவறில்லை. அன்று அவர் கொடுத்த விலை டன்னுக்கு நாலாயிரம்.'

களப்பணியில் பெயில் போட்டார்கள். ஒரு வருடம் போனது. உடன் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள், எங்கள் தெருவுக்குச் சிரிக்கப் புதிதாக ஒன்று கிடைத்தது. சில நாள் எனக்கே வயிறு எரிந்ததுண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை மறுபடி எழுதச் சொன்னாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

அடுத்த பருவத்துக்குப் படிவம் கொடுத்து, எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டார்கள். அதே ஊரை எழுதினேன். நான் போனபோது அக்கா லோடுக்கு மேல் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தனார் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அவருக்குக் கை செரியாப் போச்சி பாப்பா" என்றார் அக்கா. "ஆனா மண்டிக்கு நான்தான் போறேன். நீ வந்து எழுதிக்கோ."